இஸ்ரேல்–பாலஸ்தீனப் பிரச்சினை வெறும் மதச் சண்டைதானா?

"யூதர்களும் முஸ்லிம்களும் ஆயிரக்கணக்கான வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள், இது மதச் சண்டைதானே, இதில் நிலம், ஆக்கிரமிப்பு என்றெல்லாம் ஏன் பேசுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மதம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் சண்டை நிலத்துக்கு. அந்த நிலத்தில் யாருக்கு எந்தச் சட்டம் என்பதற்கு. எனக்கு இது புத்தகத்தில் படித்தபோது புரியவில்லை, 1967 போரில் இஸ்ரேல் பிடித்த மேற்குக் கரையில் இருக்கிற ஹெப்ரானில் ஒரு நாள் நடந்தபோது புரிந்தது, அதனால் அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

2019 அக்டோபரில் எங்கள் சபையிலிருந்து புனித நாட்டுப் பயணம் போயிருந்தோம். பெத்லகேம், நாசரேத், கலிலேயாக் கடல் எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு நாள் எங்கள் விருப்பத்துக்கு விட்டார்கள். நானும் என் மைத்துனரும் ஹெப்ரானுக்குப் போகிற ஒரு சுற்றுலாவில் சேர்ந்துகொண்டோம். பாதி நாள் பாலஸ்தீன வழிகாட்டி, பாதி நாள் இஸ்ரேலிய வழிகாட்டி. ஞாயிறு பள்ளியில் நாங்கள் படித்த எபிரோன் அதுதான். சாராளை அடக்கம் செய்வதற்காக ஆபிரகாம் நானூறு சேக்கல் வெள்ளி கொடுத்து மக்பேலா குகையையும் நிலத்தையும் கிரயம் வாங்கிய இடம். முஸ்லிம்களுக்கு அது இப்ராஹீம் நபியின் ஊர், அரபியில் அல்-கலீல்.

இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் போட்ட 1997 ஒப்பந்தப்படி ஊர் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. 80 சதவீதம் ஹெச்-1, பாலஸ்தீன நிர்வாகம். 20 சதவீதம் ஹெச்-2, இஸ்ரேல் ராணுவம். இந்த ஹெச்-2வில்தான் பழைய கடைவீதி, குகை, பள்ளிவாசல் எல்லாம். அங்கே பல்லாயிரம் பாலஸ்தீனர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நடுவில் யூதக் குடியேறிகள், அதாவது 1967-க்குப் பிறகு அங்கே வந்து குடியேறிய இஸ்ரேலியர்கள், சில நூறு பேர், அவர்களுக்குக் காவலாக ராணுவம்.

பழைய கடைவீதியில் நடக்கும்போது தலைக்கு மேலே கம்பி வலை கட்டியிருந்தது. வெயிலுக்காக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணாந்து பார்த்தால் வலையில் பிளாஸ்டிக் பாட்டில், கல், அழுகிய காய், ஒற்றைச் செருப்பு எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கின்றன. மேல்மாடிகளில் குடியேறிகள், கீழே பாலஸ்தீனர் கடைகள். மேலிருந்து வீசுவது வியாபாரிகள் தலையில் விழாமல் இருக்க வலை. குப்பையை அது தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது என்று ஒரு கடைக்காரர் சொன்னார், என்ன தண்ணீர் என்று நாங்கள் கேட்கவில்லை.

அப்புறம் ஷுஹதா தெரு. ஒரு காலத்தில் ஊரின் பெரிய கடைத்தெரு. சோதனைச் சாவடி வரை எங்களோடு வந்த பாலஸ்தீன வழிகாட்டி அங்கேயே நின்றுவிட்டார், அவர் பிறந்து வளர்ந்த ஊரின் அந்தத் தெருவில் அவர் கால் வைக்க முடியாது. ராணுவ வீரர் எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்து முஸ்லிமா என்று கேட்டார், இல்லை என்றோம், போகச் சொன்னார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த நாங்கள் போகிறோம், அந்த ஊர்க்காரர் போக முடியவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பச்சை இரும்புக் கதவுகள், பற்றவைத்து மூடியவை. மாடிச் சன்னல்களுக்குக் கூண்டு போல வலை. அங்கே இன்னும் வாழ்கிற சில குடும்பங்கள் முன்வாசலைப் பயன்படுத்த முடியாமல் பின்பக்கமாகவோ கூரை ஏறியோ வெளியே வருகிறார்கள்.

ஏன் மூடினார்கள்? 1994 பிப்ரவரி 25, ரமலான் மாதம், பாருக் கோல்ட்ஸ்டீன் என்ற யூதக் குடியேறி குகை மேல் இருக்கிற பள்ளிவாசலுக்குள் புகுந்து தொழுதுகொண்டிருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்றார். அதன் பிறகு கட்டுப்பாடு வந்தது பாலஸ்தீனர்கள் மேல்தான், 2000-இல் இரண்டாவது இன்டிஃபாடா (பாலஸ்தீனர்களின் எழுச்சி) தொடங்கியதும் அது முழு அடைப்பாகிவிட்டது.

இஸ்ரேலிய வழிகாட்டி 1929-இலிருந்து ஆரம்பித்தார், அதுவும் உண்மைதான். அந்த ஆகஸ்டில் ஹெப்ரானில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பல தலைமுறையாக அங்கேயே இருந்தவர்களும் அதில் உண்டு. பக்கத்து வீட்டு அரபுக் குடும்பங்கள் பலரை ஒளித்துவைத்துக் காப்பாற்றின, ஆனாலும் அந்தச் சமூகமே ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அந்த இழப்பு நிஜம். ஆனால் 1968-இல் ஒரு ரப்பி (யூத மதகுரு) தலைமையில் பஸ்கா பண்டிகை கொண்டாட ஹோட்டலில் அறை எடுத்துவிட்டு, பிறகு போக மாட்டோம் என்று உட்கார்ந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்காக எழுந்ததுதான் பக்கத்தில் இருக்கிற கிர்யத் அர்பா குடியேற்றம்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், என்னைப் பொறுத்தவரை விஷயமே இதுதான். அந்தத் தெருவில் ஒரு பாலஸ்தீனப் பையனும் ஒரு குடியேறிப் பையனும் ஒருவர் மேல் ஒருவர் கல் எறிந்தால், பாலஸ்தீனப் பையன் ராணுவ நீதிமன்றத்துக்குப் போவான், மற்றவன் இஸ்ரேல் குடிமக்களுக்கான சாதாரணச் சட்டத்துக்குள் வருவான். இது ஹெப்ரானில் மட்டும் இல்லை, மேற்குக் கரை முழுக்க 1967-இலிருந்து இதுதான் ஏற்பாடு.

நிலமும் சட்டத்தின் வழியாகத்தான் கை மாறுகிறது. துருக்கியர் காலத்து 1858 நிலச் சட்டத்தில், ஒருவர் மூன்று வருஷம் தொடர்ந்து பயிர் செய்யாமல் போட்ட நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. தனியார் நிலத்தைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி எடுத்துக் குடியேற்றம் கட்டுவதை 1979-இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தடுத்தது. அதற்கப்புறம் அரசு இந்தப் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, பயிர் இல்லாத குன்று, பாறைச் சரிவு என்று ஏராளமான நிலத்தை அரசு நிலமாக அறிவித்தது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், பாட்டன் காலத்திலிருந்து ஆடு மேய்த்த நிலம் ஒரே அறிவிப்பில் புறம்போக்கு ஆகிவிடுகிறது, பிறகு அந்தப் புறம்போக்கில் வேறு ஆளுக்குக் காலனி எழும்புகிறது. அங்கே ஒலிவ மரத்தை ஏன் பிள்ளையைப் போலப் பார்க்கிறார்கள் என்று இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் புரிந்தது. எண்ணெய்க்கு ஆகிறது, வருமானம் வருகிறது, எல்லாம் சரி, அதோடு அந்த நிலத்தில் பயிர் இருக்கிறது என்பதற்கு மரம்தான் சாட்சி. அறுவடைக் காலத்தில் குடியேறிகள் மரத்தை வெட்டுகிறார்கள் என்று செய்தி வந்தால், வெட்டப்படுவது என்ன என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.

1993-இல் இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத் தலைமைக்கும் இடையே ஆஸ்லோ சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது, கிழக்கு எருசலேமைச் சேர்க்காமல், மேற்குக் கரையில் ஒரு லட்சத்துச் சொச்சம் குடியேறிகள் இருந்தார்கள். முப்பது வருஷத்தில் அது சுமார் ஐந்து லட்சம். 1995-இல் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள், சுமார் 60 சதவீதம் வருகிற சி பகுதி முழுக்க இஸ்ரேல் கையில். அது படிப்படியாகப் பாலஸ்தீனத்துக்குப் போகும் என்பது பேச்சு, போகவில்லை. இஸ்ரேல், பாலஸ்தீனம் என்று இரண்டு தனி நாடுகள் அமைகிற இரு நாட்டுத் தீர்வு ஏன் நடக்கவில்லை என்று கேட்கிறவர்களுக்கும் நான் இதைத்தான் காட்டுவேன்.

இஸ்ரேலியர்களின் பயம் கற்பனை என்று நான் சொல்லவே மாட்டேன். இரண்டாவது இன்டிஃபாடாவில் பேருந்து, உணவகம் என்று குண்டு வெடித்தது, எல்லாத் தாக்குதல்களிலும் சேர்த்து சுமார் ஆயிரம் இஸ்ரேலியர்கள் செத்தார்கள். 2023 அக்டோபர் 7 அன்று காஸாவை ஆண்ட ஹமாஸ் என்ற பாலஸ்தீன ஆயுத அமைப்பு செய்தது படுகொலை, சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இறந்தவர்களில் விவியன் சில்வர் ஒருவர், 74 வயது, இரண்டு தரப்புக்கும் சமாதானம் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் உழைத்த பெண்மணி. அவர் சாவுக்கு எந்த ஆக்கிரமிப்பையும் நியாயமாகக் காட்ட முடியாது. அதே மாதிரி, அதன் பிறகு காஸாவில் கொல்லப்பட்ட 60,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அக்டோபர் 7-ஐ நியாயமாகக் காட்டவும் என் மனசு ஒப்பவில்லை.

கடைசியாக, மதத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள். அந்தக் குகை மேல் எழுப்பிய கட்டடம் இப்போது பாதி பள்ளிவாசல், பாதி ஜெப ஆலயம். பல நூறு வருஷம் யூதர்களை வெளிப் படிக்கட்டில் ஏழாவது படிக்கு மேல் விட்டதில்லை, 1967-இல் அது மாறியது, 1994 கொலைக்குப் பிறகு கட்டடத்தையே பிரித்தார்கள். முஸ்லிம்களுக்கு அதில் இன்றைக்கும் மனத்தாங்கல் உண்டு. இருந்தாலும் கால அட்டவணை என்று ஒன்று ஓடுகிறது, வருஷத்தில் பத்து நாள் முழுக் கட்டடமும் முஸ்லிம்களுக்கு, பத்து நாள் யூதர்களுக்கு. ஆபிரகாமின் சமாதி இரண்டு பகுதிக்கும் நடுவில் இருக்கிறது. பள்ளிவாசல் பக்கத்துக் கம்பி வழியாக ஒரு தடவை பார்த்தோம், வெளியே வந்து சுற்றிப்போய் ஜெப ஆலயப் பக்கத்துக் கம்பி வழியாக இன்னொரு தடவை பார்த்தோம். அதே துணி போர்த்திய அதே சமாதி. தெருவுக்கு மட்டும் அப்படி எந்த அட்டவணையும் இல்லை. சாயங்காலம் நாங்கள் திரும்பியபோது பாலஸ்தீன வழிகாட்டி சாவடிக்கு அந்தப் பக்கமே நின்று கை காட்டினார், எங்கள் பேருந்து அவர் வர முடியாத பக்கத்தில் நின்றிருந்தது.