பேர அடிச்ச கை: ஒரு ஹெச்.எம். கடிதம்

அன்புள்ள சார்,

நான் ஒரு அரசு நடுநிலைப் பள்ளில ஹெச்.எம். கூடப் படிச்ச தோழி லண்டன்ல நர்சரி டீச்சர். அங்க மாசத்துக்கு ஒரு தடவ ‘சூப்பர்விஷன்’னு உக்காந்து, எந்தப் புள்ளய நெனச்சு மனசு கெடக்கு, எதுல தடுமாறுனோம்னு பேசுவாங்களாம், சட்டமே இருக்காம். எனக்கு சூப்பர்விஷன்னா எக்ஸாம் டியூட்டி, இல்லன்னா பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) விசிட். போன வாரம் ஏழாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு அவ வீட்டு விஷயம் சொன்னா. குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணி, செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சேன். சாயந்திரம் வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்திட்டு ஹெல்மெட்டக்கூட கழட்டாம ரொம்ப நேரம் நின்னுட்டே இருந்தேன். இதெல்லாம் நமக்கு ஒத்து வருமா சார்?

– ஒரு தலைமை ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

நான் ஹெச்.எம்.மா இருந்தப்ப அஞ்சாவது பையன் ஒருத்தன் லீவுல கிணத்துல விழுந்து இறந்துட்டான். ஸ்கூல் தொறந்த அன்னிக்கி பிரேயர்ல பேசினேன், ஆபீசுக்கு லெட்டர் எழுதினேன், அட்டெண்டன்ஸ்ல அவன் பேர சிவப்பு இங்க்ல அடிச்சேன். அந்தப் பேர அடிச்ச கை அன்னிக்கி ராத்திரி சோறு பிசையும்போது நடுங்குச்சு, அத இத்தன வருஷத்துல இப்பத்தான் உங்ககிட்ட சொல்றேன்.

உங்க தோழி சொன்னது சரிதான். இங்கிலாந்துல அஞ்சு வயசு வரைக்குமான புள்ளைங்களோட வேலை பாக்குறவங்களுக்கு சூப்பர்விஷன் ஏற்பாடு பண்ணியே ஆகணும்னு 2012லேர்ந்து விதி இருக்கு. சோஷியல் வொர்க்கர், மனநல ஆலோசகர் எல்லாருக்கும் அதுக்கு ரொம்ப முன்னாடியே இது வேலைல ஒரு பங்கு, ஏன்னா அடுத்தவங்க துக்கத்த நாள் பூரா கேக்குற ஆள் அத எங்கயாவது இறக்கி வைக்கலன்னா, ஒண்ணு மரத்துப் போயிடுவாங்க, இல்ல ஒடஞ்சு போயிடுவாங்க. ஆனா பெரிய வகுப்பு டீச்சர்களுக்கும் ஹெச்.எம்.களுக்கும் அங்கயும் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது.

இங்கிலாந்துல ரீடிங்னு ஒரு ஊர்ல ரூத் பெர்ரின்னு ஒரு ஹெச்.எம். 2022 நவம்பர்ல இன்ஸ்பெக்‌ஷன் வந்து அவங்க ஸ்கூலுக்கு ‘போதாது’ன்னு ஒத்த வார்த்தைல மார்க் போட்டாங்க, ரிப்போர்ட் வெளிய வர்ற வரைக்கும் ரகசியமா வைக்கணும்ங்கறதுதான் அப்ப இருந்த வழக்கம், அந்தப் பாரத்தோடவே 2023 ஜனவரில அவங்க உயிர மாய்ச்சுக்கிட்டாங்க. அந்த இன்ஸ்பெக்‌ஷனுக்கும் இதுல பங்கு இருக்குன்னு அந்த வருஷ டிசம்பர்ல மரண விசாரணை அதிகாரியே சொன்னாங்க. 2024 செப்டம்பர்ல அந்த ஒத்த வார்த்தை மார்க் போடற முறையையே நிறுத்திட்டாங்க. ஸ்கூல்ல எல்லாரும் வந்து ஹெச்.எம். ரூம்லதான் அழுவாங்க, ஹெச்.எம். எங்க போய் அழுவாங்கன்னு யாருமே யோசிக்கறதில்ல டீச்சர், எனக்கு இதுதான் ஆறவே மாட்டேங்குது.

ஒத்து வருமான்னு கேட்டீங்க. வரும். ஆனா ஒண்ணுல மட்டும் நான் பிடிவாதமா இருப்பேன்: கேக்குறவரு உங்களுக்கு ரிப்போர்ட் எழுதுறவரா இருக்கக் கூடாது. இங்கிலாந்துலயே நெறைய எடத்துல மேலதிகாரிதான் இத நடத்துறாரு, அது எனக்கு ஒப்பல. பிஇஓ எவ்வளவு நல்லவரா இருந்தாலும் அவர் முன்னாடி ‘எனக்கு பயமா இருந்துச்சு சார்’னு நம்ம வாயிலேர்ந்து வராது, ‘எல்லாம் கரெக்டா பண்ணிட்டேன் சார்’தான் வரும்.

1950கள்ல லண்டன்ல மைக்கேல் பாலின்ட்னு ஒரு மனநல டாக்டர், சாதாரண ஊர் டாக்டர்கள கூட்டி உக்கார வச்சு ஒண்ணு பண்ணாரு. ஒருத்தர் தன்னை விடாம தொந்தரவு பண்ற ஒரு நோயாளியப் பத்தி சொல்லணும், மத்தவங்க அந்த நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு பேசுவாங்க. இப்பவும் பாலின்ட் குரூப்னு நடக்குது, சொன்னவரு கொஞ்ச நேரம் வாயத் தொறக்காம கேட்டுட்டு மட்டும் இருக்கறது அதுல ஒரு வழக்கம், அப்பத்தான் தன் கதைய வெளிய நின்னு பாக்க முடியும்.

இதுக்கு ஜிஓ வேணாம், பணம் வேணாம். சுத்துப்பட்டு ஸ்கூல் டீச்சருங்க கூடுற சிஆர்சி மீட்டிங்குக்கு வர்றவங்கள்ல நீங்க நம்புற நாலஞ்சு ஹெச்.எம்.கள சேத்துக்கங்க, மாசம் ஒரு சனிக்கெழம, ஒரு மணி நேரம், ஒருத்தர் விஷயம் மட்டும், நோட்டு கிடையாது, வாட்ஸ்அப் குரூப் கிடையாது. டீச்சர் போஸ்ட் காலியா கெடக்கறது இதனால நெறையாது, அதுக்கு சங்கம் வழியா தனியாத்தான் சண்ட போடணும்.

மொத வாரம் நீங்களே ஆரம்பிங்க. அந்தப் பொண்ணு பேரு, ஊரு எதுவும் வேணாம், வண்டிய நிறுத்திட்டு நின்ன அந்த நேரத்துலேர்ந்து சொல்லுங்க. யாராவது உடனே அட்வைஸ் பண்ண வந்தா, கொஞ்சம் பொறுங்க, மொதல்ல முழுசா கேளுங்கன்னு சொல்லிடுங்க.