எண் மட்டுமே உள்ள ரோட்டுக்கு வீரரின் பெயர்: எங்கே தொடங்குவது?

கேள்வி: அண்ணா, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ரோட்டுக்கு எண் மட்டும்தான், பெயர் இல்லை. 2025 ஜனவரியில் காங்கோவில் இறந்த 14 தென்னாப்பிரிக்க வீரர்களில் ஒருவரின் பெயரை வைக்கலாம் என்று நினைக்கிறோம். அவர்களில் எங்கள் பக்கத்து ஆள் யாரும் இல்லை. வைக்க முடியுமா? யாரைப் பார்க்க வேண்டும்?

பதில்: முடியும். தெருப் பெயர் வைக்கும் அதிகாரம் நகராட்சியிடம் இருக்கிறது. 1998 சட்டப்படி அமைந்த தேசியப் பெயர்கள் மன்றம் ஊர், ஆறு, மலை போன்றவற்றைத்தான் பார்க்கும். அதனால் பிரிட்டோரியாவுக்குக் கடிதம் போட்டு நாளை வீணாக்காதீர்கள். உங்கள் வார்டு கவுன்சிலர் மூலம் டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி நகராட்சிக்குப் போங்கள். ஆனால் கவுன்சிலரிடம் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இரண்டு உண்டு.

முதல் வேலை, அந்த வீரரின் குடும்பத்தைக் கேட்பது. எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நல்லதுதானே செய்கிறோம், எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். தெருவில் திருட்டு நடந்தாலும் விபத்து நடந்தாலும் செய்தியில் அந்தப் பிள்ளையின் பெயர்தான் வரும். அதைத் தாங்குவார்களா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். நேரடியாகத் தேடிப் போகாமல் ராணுவத்தின் வழியாகத் தொடர்புகொள்ளுங்கள். பெயரை எப்படி எழுதுவது, எப்படி உச்சரிப்பது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஸூலு, ஸோஸா பெயராக இருந்தால் 'ச்' கொட்டும் ஒலி வரலாம், நம் வீட்டுப் பாட்டிக்கு அது வராது. நள்ளிரவில் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டிய பெயர் அது! பதவி, படைப்பிரிவு எல்லாம் பெயர்ப் பலகையில் வேண்டாம், நீளமாகிவிடும். கீழே ஒரு சின்னக் கல்வெட்டு வைத்து அதில் எழுதலாம். இதே பெயரில் நகராட்சி எல்லைக்குள் வேறு தெரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது வேலை, உங்கள் ரோட்டில் வீடு வீடாகப் போவது. 2008-இல் டர்பனில் நூறு தெருக்கள் அளவுக்குப் பெயர் மாறியபோது நடந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். பலகைகளில் பெயின்ட் பூசினார்கள். வழக்கு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. மக்களிடம் ஒழுங்காகக் கருத்துக் கேட்டார்களா என்பது அங்கே பெரிய கேள்வியாக நின்றது. உங்களுக்கு ஒரு வசதி: எண்ணை எடுத்துவிட்டுப் பெயர் வைத்தால் வேறொருவரின் நினைவை யாரும் அழிப்பதாக ஆகாது. கனடாவின் கால்கரியில் பழைய ராணுவ முகாம் நிலத்தில் எழுந்த கேரிசன் கிரீன் குடியிருப்பிலும் அமைதிப்படையினர் பெயரில் தெருக்கள் உண்டு. புதுக் குடியிருப்பு என்பதால் அங்கே மாற்றுவதற்குப் பழைய முகவரி இல்லை. உங்கள் அண்டை வீட்டாருக்கு அப்படி இல்லை. பேங்கில் ஃபிக்கா என்ற வாடிக்கையாளர் அடையாளச் சட்டத்துக்காக முகவரிச் சான்று கேட்பார்கள், பள்ளிச் சேர்க்கையிலும் கேட்பார்கள். நகராட்சி பில்லில் புதுப் பெயர் எப்போது வரும், கொஞ்ச காலம் பலகையில் பழைய எண்ணும் சேர்ந்து நிற்குமா என்று கவுன்சிலரிடம் கேட்டுவிட்டு அந்தப் பதிலோடு கதவைத் தட்டினால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

அப்புறம், கல்வெட்டு வாசகத்தில் கவனம் வேண்டும். காங்கோவில் இறந்தவர்களில் சிலர் ஐ.நா. படையான மோனுஸ்கோவில் இருந்தவர்கள். மற்றவர்கள் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் கூட்டமைப்பான சாடெக் அனுப்பிய படையில் இருந்தவர்கள். எல்லாருக்கும் சேர்த்து 'ஐ.நா. அமைதிப்படை வீரர்' என்று போட்டால் தப்பு. 2013 மார்ச்சில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்குயியில் நடந்த சண்டையில் நம் வீரர்கள் 13 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் ஐ.நா. படையே இல்லை, இரு நாட்டு ஒப்பந்தப்படி போனவர்கள். அதனால் மரியாதை குறைந்துவிடாது. ஆனால் கல்லில் ஏறிய பிழையைத் திருத்துவது லேசில்லை.

பதினான்கு பேரில் ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ரோட்டில் கட்டாயம் கேட்பார்கள். என்னைக் கேட்டால், பக்கத்தில் உள்ள எண் ரோட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, ரோட்டுக்கு ஒருவராக ஒரே மனுவில் கேளுங்கள். சரி, ரோட்டில் பெரும்பாலோர் வேண்டாம் என்றால்? வற்புறுத்தாதீர்கள். முகவரி மாறாத இடமாக, ஒரு பூங்காவோ விளையாட்டு மைதானமோ கேளுங்கள். எதுவானாலும் திறப்பு விழாவை மே 29-இல் வைக்கலாம், அது ஐ.நா. அமைதிப்படையினர் நாள். தேதி குறிக்கும் முன் குடும்பத்தார் வர முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.