கண்ணில் வைத்த ஃபோகஸ் காதுக்குப் போவது ஏன்?

வணக்கம்.

ஒரு வருடமாக 85 எம்எம் எஃப்/1.8 லென்ஸில் போர்ட்ரெய்ட் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஃபுல் ஃப்ரேம் கேமரா. ட்ரைபாட் பழக்கமில்லை, கையில் பிடித்துத்தான் எடுப்பேன். நடு ஃபோகஸ் பாயிண்ட்டைக் கண்ணில் வைத்து லாக் செய்து, அப்படியே ஃப்ரேமை மாற்றி கிளிக் செய்கிறேன். ஷட்டர் 1/200 நொடி. கேமரா திரையில் எல்லாம் ஷார்ப்பாகத் தெரிகிறது, கணினியில் போட்டால் பாதிப் படங்களில் கண் மங்கல், காது மட்டும் பளிச். கை நடுக்கம்தான் என்கிறார் நண்பர். ஸ்டெபிலைசேஷன் உள்ள லென்ஸ் வாங்கிவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

வாங்க வேண்டாம். கை நடுங்கியிருந்தால் காதும் சேர்ந்துதான் கலங்கியிருக்கும். காது பளிச்சென்று இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் ஃபோகஸ் இருக்கிறது, நீங்கள் வைத்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கருவிழியில் தெரியும் சின்ன வெளிச்சப் புள்ளியைப் பாருங்கள். அது ஒரு பக்கமாக இழுபட்டுக் கோடு மாதிரி ஆகியிருந்தால் கையோ தலையோ அசைந்திருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஊதிப் பரவியிருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது.

உங்கள் லென்ஸில் எஃப்/1.8 வைத்து, அதாவது துளையை முழுக்கத் திறந்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஒருவரை எடுத்தால் ஷார்ப்பாக விழும் பகுதியின் ஆழம் மொத்தமே மூன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணுக்கு முன்னால் பாதி, பின்னால் பாதி. நடு பாயிண்ட்டில் லாக் செய்துவிட்டு கேமராவைப் பத்து டிகிரி சாய்த்தாலே, ஃபோகஸ் தளமும் கூடச் சாய்ந்து கண்ணுக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் போய்விடும். காதுக்குப் போகும் வழி இதுதான். போதாததற்கு நீங்கள் நிற்கிறீர்கள், எதிரில் இருப்பவர் மூச்சு விடுகிறார், சிரிக்கும்போது தலையைப் பின்னால் சாய்க்கிறார். லாக் செய்ததற்கும் கிளிக் செய்ததற்கும் இடையில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே மிச்சமிருந்ததும் போச்சு. ஸ்டெபிலைசேஷன் படம் குலுங்காமல் பார்த்துக்கொள்ளும், மாறிப்போன தூரத்தைச் சரிசெய்யாது.

ஆகவே ஃப்ரேமை முதலில் வையுங்கள், அப்புறம் பாயிண்ட்டைக் கண்ணுக்கு நகர்த்துங்கள். கேமராவில் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் ஐ டிடெக்‌ஷன் இருந்தால் யோசிக்காமல் போட்டுவிடுங்கள், இது ‘நிஜமான புகைப்படக்காரர்’ செய்கிற வேலையில்லை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கூடவே ஆள் நகர நகரத் தானே மாறிக்கொண்டிருக்கும் தொடர் ஃபோகஸ், அதாவது சோனி, நிகானில் ஏஎஃப்-சி, கேனானில் செர்வோ. இதில் பழைய பழக்கப்படி நடு பாயிண்ட்டை வைத்துவிட்டு கேமராவைத் திருப்பினால் அது பின்னாலிருக்கும் சுவரைப் பிடித்துக்கொள்ளும், கவனம். கண்ணாடி போட்டவர்களை எடுக்கும்போது சில நேரம் ஃபோகஸ் கண்ணாடியின் விளிம்பில் போய் நின்றுவிடும், அப்போது மட்டும் பாயிண்ட்டைச் சின்னதாக்கி நீங்களே வையுங்கள்.

இன்னொன்று, எஃப்/1.8 இருக்கிறது என்பதற்காக எப்போதும் அதிலேயே எடுக்க வேண்டுமா? காசு கொடுத்து வாங்கினோமே என்ற எண்ணத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. துளையைக் கொஞ்சம் சுருக்கி எஃப்/2.8 வைத்தால் அதே தூரத்தில் ஐந்து சென்டிமீட்டர் கிடைக்கும். ஒரு மீட்டர் பின்னால் போய் எடுத்து, பிறகு அதே அளவுக்கு க்ராப் செய்தால் எட்டு வரை போகும், கூடவே மூக்கும் பெரிதாகத் தெரியாது. முகம் பாதி திரும்பியிருந்தால் இரண்டு கண்களுக்கும் இடையிலேயே நாலு சென்டிமீட்டர் தூர வித்தியாசம் வந்துவிடுகிறது, எஃப்/1.8இல் இரண்டும் கிடைக்கவே கிடைக்காது. ஒன்றுதான் கிடைக்கும் என்றால் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் வையுங்கள், தூரத்துக் கண் மங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

1/200 உங்கள் லென்ஸுக்குப் போதும். குழந்தைகள் என்றால் 1/500, வெளிச்சம் பற்றாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்ச உணர்திறனை, ஏற்றிக்கொள்ளுங்கள். அதனால் படத்தில் விழும் புள்ளிகளை, அதாவது நாய்ஸைப் பிறகு கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், மங்கிய கண்ணை ஒன்றும் செய்ய முடியாது. எடுத்தவுடன் திரையில் கண்ணை ஜூம் செய்து பாருங்கள், முழுப் படமாகப் பார்த்தால் அந்தத் திரையில் எதுவுமே ஷார்ப்பாகத்தான் தெரியும்.

உங்களுடையது உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரா, அது இல்லாத மிரர்லெஸ்ஸா என்று சொல்லவில்லை. டிஎஸ்எல்ஆர் என்றால் மேஜைமேல் கேமராவை வைத்து, அசையாத ஒரு பொருளை வ்யூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து சில படங்கள் எடுத்துப் பாருங்கள். அதிலும் ஒவ்வொரு முறையும் பின்னாலேயே விழுந்தால் மெனுவில் ஃபோகஸைச் சற்று முன்பின் நகர்த்தித் திருத்தும் ஏஎஃப் ஃபைன் ட்யூன் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸையும் கேமராவையும் சேர்த்து சர்வீஸுக்குக் கொடுங்கள். மிரர்லெஸ் சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால் அதில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை.