ஐந்து வருடம் கவுன்சிலர் இல்லாத நகரம்

அன்புள்ள ஐயா,

இருபது வருடமாக ஓட்டுப் போட்டுவருகிறேன். இனிமேல் போடுவதாக இல்லை. எந்தக் கட்சி வந்தாலும் கமிஷன், வாரிசு, கூட்டணி பேரம் என்று அதே கதைதான். இதைச் சொன்னால் என் நண்பர்கள், "ஆயிரம் ரூபாய்க்கு ஓட்டை விற்கிற ஜனங்களுக்கு இவர்கள்தான் வாய்ப்பார்கள்" என்கிறார்கள். தப்பு யார்மீது?

க., வேளச்சேரி

அன்புள்ள க.,

உங்கள் அலுப்பு நியாயமானது. ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பவரும் வாங்குபவரும் சட்டப்படி குற்றவாளிகள்தான். ஆனால் இதைப் பழக்கியது யார்? 2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலுக்கு அப்புறம் ஓட்டுக்குக் கவரில் பணம் கொடுக்கும் முறைக்குத் திருமங்கலத்தின் பெயரே ஒரு 'ஃபார்முலா' ஆகிப்போனது. கூலிவேலைக்குப் போகிறவர்கள் கட்சி ஆபீஸ் வாசலில் நின்று அதைக் கேட்கவில்லை, கவர்தான் வீடு தேடி வந்தது. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ரத்தானது. அதே வருடம் நவம்பரில் மறுபடி நடந்தபோது இரண்டு பெரிய கட்சிகளும் இரண்டு தொகுதிகளிலும் பழைய வேட்பாளர்களையே நிறுத்தின. பிறகு 2017-இல் ஆர்.கே. நகரிலும் 2019-இல் வேலூரிலும் அதே காரணத்தால் தேர்தல் ரத்தானது. இன்றுவரை வேட்பாளருக்குத்தான் செலவு வரம்பு, கட்சிக்குக் கிடையாது. அதனால் கட்சித் தலைமைகளை விட்டுவிட்டு வாக்காளரை முதலில் ஏசுவதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

சரி, நம் பங்கு? நீங்களும் நானும் இருப்பது சென்னையில், அதனால் இந்த ஊரையே எடுத்துக்கொள்வோம்.

2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்திருக்க வேண்டும். பழங்குடியினர் இடஒதுக்கீடு முறைப்படி இல்லை என்று வழக்குப் போனது, உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அதற்கப்புறம் வார்டு மறுவரையறை, மேல்முறையீடு என்று இழுத்தார்கள். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் மாறி மாறிப் பழி போட்டுக்கொண்டன. பெரும்பாலான மாவட்டங்களின் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்துவிட்டது. சென்னைக்கு 2022 பிப்ரவரியில்தான் வந்தது. ஐந்து வருடத்துக்கும் மேல் 200 வார்டுகளில் ஒன்றில்கூட கவுன்சிலர் இல்லை. 2019 கோடையில் ஏரிகள் வற்றி லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டியபோதும், கொரோனாவின்போதும், 2021 நவம்பர் வெள்ளத்திலும் அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகம்தான்.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்துக் குழாயில் சாக்கடை கலந்து வந்தது. புகார் எண் செல்போனுக்கு வந்தது, ஆள் வரவில்லை. அடுத்த தெரு அம்மா ஒருவர் பழுப்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டு, இதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். கவுன்சிலர் இருந்திருந்தால் அந்த அம்மா காலையில் அவர் வீட்டு வாசலிலேயே போய் நின்றிருப்பார். கவுன்சிலர் யோக்கியராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மறுபடி அதே தெருவில் ஓட்டுக் கேட்டு நடக்க வேண்டியவர், அதனாலேயே வெளியே வந்து அந்த பாட்டிலைப் பார்த்தாக வேண்டும்.

தேர்தல் வையுங்கள் என்று அந்த ஐந்து வருடத்தில் நம்மைப் போன்றவர்கள் வாழும் குடியிருப்புகளிலிருந்து பெரிதாக ஒரு குரல் எழவில்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவை நிறைத்த ஊர் இது, நமக்குக் கேட்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. கடைசியில் தேர்தல் வந்தபோது மாநில அளவில் 60 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. சென்னையில் 44-ஐக்கூடத் தொடவில்லை. அன்று காலை எங்கள் வாக்குச்சாவடியில், வேலைக்குப் போகும் அவசரத்திலும் ஹவுசிங் போர்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அபார்ட்மென்ட்காரர்களைத் தேட வேண்டியிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. உங்கள் நண்பர்கள் யாரைத் திட்டுகிறார்களோ அவர்கள்தான் அங்கே நின்றார்கள்.

கோட்டையில் இருப்பவரை நீங்களோ நானோ தனியாக ஒன்றும் செய்துவிட முடியாது. வார்டில் இருப்பவர் அப்படியில்லை. 2022 நவம்பரில், கிராம சபை மாதிரி வார்டு மக்கள் நேரில் கேள்வி கேட்கும் ஏரியா சபைக் கூட்டங்களை நகரங்களிலும் தொடங்கினார்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்து, எதிர்வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வேளச்சேரியில் மழைக்கு மழை தண்ணீர் தேங்குகிறதே, உங்கள் தெரு வடிகால் எங்கே போய்ச் சேருகிறது, அதற்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், வேலையை எடுத்தது யார் என்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.