வாசகர் கேள்வி – பதில்: கச்சான் பிடுங்கும் கருவியும் ஆக்கவுரிமையும்

கேள்வி: இருசக்கர உழவு இயந்திரத்தில் பூட்டி, காய் உதிராமல் கச்சான் பிடுங்கும் கருவியொன்றைச் செய்துள்ளேன். இங்கே ஆக்கவுரிமை பெற்றால், இந்தியாவில் எவரும் அதைச் செய்ய முடியாதா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: அங்கே செய்வதைத் தடுக்க முடியாது, செய்ததை இங்கே கொண்டுவந்து விற்பதைத் தடுக்கலாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி கிடைக்கும் உரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, இலங்கைக்குள் மட்டுமே செல்லும். ஆயினும் இங்கே விண்ணப்பித்து 12 மாதங்களுக்குள் இந்தியாவிலும் விண்ணப்பித்தால், பாரிஸ் சமவாயம் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின்படி இங்குள்ள திகதியே அங்கும் முன்னுரிமைத் திகதியாக, அதாவது யார் முந்தியவர் என்று பார்க்கும் நாளாகக் கொள்ளப்படும். உங்கள் கருவியில் மண்ணைக் கிளறும் கொழு பழையதாக இருந்து, அதன் சரிவோ, மண்ணை உதறும் முறையோ புதிதென்றால் அதையே விண்ணப்பத்தில் துல்லியமாக விவரியுங்கள். அதற்கு முன் கண்காட்சி எதிலும் தயவுசெய்து காட்டிவிடாதீர்கள்.