கீழே விழுந்தவளை அடிக்கலாமா?

அன்புள்ள மேடம்,

நான் சயான் கோலிவாடாவில் வளர்ந்தவன். மத்திய ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது முலுண்டில் இருக்கிறோம். மகளுக்கு 22 வயது. உடம்பைக் குறைக்கிறேன் என்று அந்தேரியில் ஆபீஸ் பக்கத்து ஜிம்மில் கிக்பாக்சிங் சேர்ந்தாள். நல்லதுதானே என்று விட்டேன். இப்போது எம்.எம்.ஏ. என்கிறாள், குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டையாம். அதில் அமெச்சூர் போட்டியில் இறங்கப் போகிறாளாம்.

எம்.எம்.ஏ. ஆடும் பூஜா தோமர் என்ற பெண்ணின் சண்டையை போனில் போட்டுக் காட்டினாள். என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. மேரி கோம் லண்டன் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய அன்று ஆபீஸ் முழுக்க ஸ்வீட் கொடுத்தவன் நான். பாக்சிங்கில் ஒரு முறை இருக்கிறது. விழுந்தால் விலகி நிற்கிறார்கள். இதில் விழுந்தவள் மேலே ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்துகிறார்கள். கீழே விழுந்தவளை அடிப்பது எந்த ஊர் வீரம்? ஆம்பிளைகள் காசு கொடுத்துப் பார்க்க இரண்டு பெண்களை மோதவிடுவதற்கும் சேவல் சண்டைக்கும் என்ன வித்தியாசம்? இதைப் பெண் விடுதலை என்று வேறு சொல்கிறார்கள். என் மனைவியின் கவலை வேறு. நாளைக்குக் கல்யாணம், பிள்ளை என்று ஆக வேண்டிய உடம்பு இது என்கிறாள். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

எஸ்., முலுண்ட்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் கனமான கேள்வி கீழே விழுந்தவளைப் பற்றியதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாக்சிங்கில் விழுந்தவரை எதிராளி தொடக்கூடாது, நடுவர் எண்ணுவார். சரி. எதற்கு எண்ணுகிறார்? எழுந்து நின்று மறுபடி அடி வாங்குவதற்குத்தானே. தலை கிறுகிறுத்துக் கிடந்தவர் பத்துக்குள் நிமிர்ந்துவிட்டால் ஆட்டம் தொடரும். ஏற்கெனவே ஒருமுறை உலுங்கிய மூளை அதே இரவில் இன்னொரு முறை உலுங்கும். எம்.எம்.ஏ.வில் இந்த எண்ணிக்கையே கிடையாது. விழுந்தவர் தன்னைக் காத்துக்கொள்கிறாரா என்று நடுவர் பக்கத்திலேயே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். கை முகத்தை மறைக்கவில்லை, உடம்பு நகரவில்லை என்றால் பாய்ந்து குறுக்கே விழுந்து சண்டையை முடித்துவிடுவார். அவர் ஒரு நொடி தாமதித்தால் நாலு குத்து கூடுதலாக விழும், அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் பார்க்க மரியாதையாக இருக்கிறது என்பதற்காக எண்ணிக்கைதான் மண்டைக்கு நல்லது என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று. கீழே கிடப்பவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று நம் கண் பழகியிருக்கிறது. 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ரிது போகாட் ஆடிய இறுதிச் சண்டையை மகளிடம் சொல்லிப் போட்டுப் பாருங்கள். ரிது மகாவீர் சிங் போகாட்டின் மகள், 2016 காமன்வெல்த் மல்யுத்தப் போட்டியில் தங்கம் வாங்கியவர். எதிரே தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ், காலாலும் கையாலும் அடிப்பதில் வளர்ந்தவர். தரைக்குக் கொண்டுபோனால் ரிதுவுடைய ராஜ்ஜியம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நடந்தது தலைகீழ். மல்லாந்து கிடந்த ஸ்டாம்ப் கால்களால் ரிதுவைச் சுற்றி வளைத்து, ஒரு கையைப் பிடித்து முழங்கையைப் பூட்டிவிட்டார். மேலே இருந்த ரிதுதான் தோற்றார்.

இந்தப் பூட்டைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். செம்பூரில் மொபைல் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன ஜிம், தோழியின் மகள் அங்கே போகிறாள். ஒரு மாலை போய் ஓரமாக உட்கார்ந்தேன். நீல மேட், இணைப்புகளில் கறுப்பு டேப், வியர்வையும் டெட்டாலும் கலந்த வாடை. தலைமுடியை மண்டையோடு ஒட்டப் பின்னிக்கொண்ட இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவளின் மணிக்கட்டைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள், இரண்டு முழங்கால்களுக்கு நடுவே அந்தக் கையை இறுக்கினாள். கோச் மண்டியிட்டு "கமர் உட்டா, கமர்" என்று கத்தினார். இடுப்பு ஒரு நாலு விரல் உயர்ந்திருக்கும், அவ்வளவுதான். மற்றவள் அவள் தொடையில் பட் பட் என்று இரண்டு தட்டு தட்டினாள். பிடி அந்தக் கணமே விட்டுப்போயிற்று. யார் முகத்திலும் ஒன்றுமில்லை. இடம் மாறிப் படுத்தார்கள், இப்போது இவள் முறை. அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை தட்டல்! தோற்றேன், விடு என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்லவும், சொன்ன உடனே மற்றவள் விட்டுவிடவும் பழக்குகிற இடம் எனக்குத் தெரிந்து மும்பையில் அதிகம் இல்லை.

ரத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.எம்.ஏ. கையுறை நாலு அவுன்ஸ், விரல்கள் வெளியே தெரியும். பாக்சிங் கையுறை குறைந்தது அதைப் போல இரண்டு மடங்கு கனம். தொழில்முறைச் சண்டையில் முழங்கையாலும் இடிக்கலாம். புருவத்துத் தோல் கிழியும், முகமெல்லாம் ரத்தம். அதைத் தைத்துவிடலாம். தைக்க முடியாதது உள்ளே நடப்பது, கனமான கையுறையின் பஞ்சுக்குள் அது கண்ணுக்குத் தெரியாது.

ஆம்பிளைகள் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள் என்கிறீர்கள். ஆமாம், பார்க்கிறார்கள். பெண்களும் பார்க்கிறார்கள், ஆனால் வியாபாரம் முதலில் ஆண்களை நம்பித்தான் நடந்தது. எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யு.எஃப்.சி.யின் டேனா வைட்டிடம், பெண்கள் உங்கள் கூண்டில் எப்போது சண்டை போடுவார்கள் என்று 2011இல் கேட்டபோது ஒருக்காலும் இல்லை என்றார். 2013 பிப்ரவரி 23ஆம் தேதி கலிஃபோர்னியாவின் அனஹைமில் ரோண்டா ரௌசியும் லிஸ் கார்மூஷும் அதே கூண்டில், அதுவும் அன்றைய முதன்மைச் சண்டையாக, மோதினார்கள். நடுவில் அவருக்கு ஞானோதயம் ஆகிவிடவில்லை. ரௌசி பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வாங்கியவர், எதிராளிகளை முதல் ரவுண்டிலேயே முடித்துக்கொண்டிருந்தவர். அவரை வைத்து டிக்கெட் விற்கும் என்று தெரிந்தது. 2015இல் மெல்போர்னில் ஹோலி ஹோம் அவரை உதைத்து வீழ்த்திய இரவில் அரங்கில் 56,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

ஆகவே இதைப் பெண் விடுதலை என்று நானும் சொல்லமாட்டேன். சுவரொட்டிக்கு அந்த வார்த்தை வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சேவல் சண்டை என்பதையும் ஒத்துக்கொள்ளமாட்டேன். சேவலிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை, தட்டிவிட்டு விலகவும் அதற்கு வழியில்லை.

பெண்கள் காசுக்குச் சண்டை போட்டதும் ஊர் கூடிப் பார்த்ததும் நேற்று வந்தது அல்ல. 1722இல் லண்டனில் எலிசபெத் வில்கின்சன் என்ற பெண் பத்திரிகையில் சவால் விட்டாள். இருவரும் கைக்கு ஒரு காசு பிடித்துக்கொள்ள வேண்டும், முதலில் காசைத் தவறவிடுபவள் தோற்றவள். காசு கையில் இருந்தால் விரலை விரித்துப் பிறாண்ட முடியாதே. அவ்வளவு தூரம் போவானேன், நம் பம்பாய்க்கே வருவோம். 1954இல் ஹமீதா பானு ஆண் பயில்வான்களோடு மோதிக்கொண்டிருந்தார். என்னைத் தோற்கடிப்பவனைக் கட்டிக்கொள்கிறேன் என்பது அவருடைய அறிவிப்பு. பரோடாவில் பாபா பயில்வானை 1 நிமிடம் 34 நொடியில் முடித்தார். பம்பாயில் ரஷ்யப் பெண் கரடி என்று பெயர் வாங்கிய வேரா சிஸ்டிலினை ஒரு நிமிடத்துக்குள் சாய்த்தார். தன் ஆட்டங்களுக்குத் தடை விழுந்தபோது அன்றைய முதல்வர் மொரார்ஜி தேசாய்க்கே முறையிட்டார். பெண் என்பதால் தடுக்கவில்லை, டம்மி ஆட்களை எதிரே நிறுத்துகிறார்கள் என்று புகார் வந்திருக்கிறது என்று அவரிடமிருந்து பதில் வந்தது. அந்தப் புகாரில் உண்மையும் இருந்திருக்கலாம், வியாபாரிகள் அன்றும் வியாபாரிகள்தான்.

ஹமீதா கடைசிக் காலத்தில் உங்கள் லைனில்தான் இருந்தார். முலுண்டிலிருந்து கல்யாண் லோக்கல் பிடித்தால் போய்விடலாம். பால் விற்றார், அதுவும் போதாதபோது தின்பண்டம் செய்து தெருவோரம் விற்றார். ஐரோப்பாவுக்குப் போய் ஆட வேண்டும் என்று அவர் கிளம்பியபோது, கூடவே இருந்த பயிற்சியாளர் அடித்து அவர் கையை முறித்துவிட்டார் என்று பேரன் பிபிசிக்குச் சொல்லியிருக்கிறார். கோதாவில் எந்த ஆணும் செய்யாத சேதம் வீட்டுக்குள் நடந்தது. அங்கே நடுவரும் இல்லை, தட்டினால் விடுவாரும் இல்லை.

உங்கள் மனைவியின் கவலைக்கு வருகிறேன். அதைப் பழைய கால அம்மாவின் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். அவர் பயப்படுவது சரி, குத்தைப் பார்த்துப் பயப்படுவதுதான் இடம் மாறிய பயம். இந்த ஆட்டத்தில் பெண் உடம்பைக் கெடுப்பது முதலில் சாப்பாட்டுத் தட்டு. பூஜா தோமர் ஆடும் பிரிவுக்கு உச்ச எடை சுமார் 52 கிலோ. எடை பார்ப்பது சண்டைக்கு முந்தைய நாள். 58, 59 கிலோ உள்ள பெண், சில வாரம் பட்டினி, கடைசி இரண்டு நாள் தண்ணீர் குறைப்பு, வெந்நீர்த் தொட்டி, வியர்க்கவைக்கும் சூட் போட்டு ஓட்டம் என்று உடம்பைப் பிழிந்து அந்த எண்ணுக்குள் நுழைவாள். எடை பார்த்து முடிந்ததும் தண்ணீர் குடித்து, இழந்ததில் பெரும்பகுதியை ஒரே இரவில் மீட்டுவிடுவாள். 2024 ஆகஸ்டில் பாரிஸில் வினேஷ் போகாட் 100 கிராமில் எப்படிக் கோட்டைவிட்டார் என்று ஊருக்கே தெரியும். அதற்கு முந்தைய இரவு அவர் பட்ட பாட்டைப் பற்றித்தான் பேச்சு குறைவு. 2015இல் யாங் ஜியான்பிங் என்ற 21 வயதுச் சீன எம்.எம்.ஏ. வீரர் இப்படி எடை குறைக்கும்போதே இறந்துபோனார். அதன் பிறகுதான் அவர் ஆட இருந்த போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் உடம்பில் நீர்ச்சத்து சோதித்து எடை பார்க்கும் முறைக்கு மாறியது.

பெண்ணுக்கு இதில் கூடுதலாக ஒன்று உண்டு. செலவாகும் சக்திக்கு ஏற்றபடி சாப்பிடாமல் மாதக்கணக்கில் ஓட்டினால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும், எலும்பு பலவீனமாகும். அதை நல்ல ஃபிட்னஸ் என்று நினைத்துக்கொள்ளும் பெண்களும் கோச்சுகளும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க ஜிம் கோச்சைவிட வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு வாய்ப்பு அதிகம். உங்கள் மனைவி மகளிடம் கேட்க வேண்டியது இதைத்தான், கல்யாணத்தைப் பற்றி அல்ல.

நீங்கள் ரயில்வே ஆள் என்பதால் பிழைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மல்யுத்தக்காரிக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கிறது. சாக்ஷி மாலிக்கும் வினேஷும் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள். எம்.எம்.ஏ. ஒலிம்பிக்கில் இல்லை, ஆகவே அந்தக் கதவு இதற்கு அப்படித் திறப்பதில்லை. டோக்கியோ ஒலிம்பிக் கண்ணெதிரே இருக்கும்போது ரிது போகாட் மல்யுத்தத்தை விட்டு இதற்கு வந்தது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று யோசியுங்கள். பெரிய இடத்தில்கூட ஆரம்பநிலை ஆட்டக்காரிக்கு ஒப்பந்தம் பெரும்பாலும் இப்படித்தான்: வந்து நின்றால் ஒரு தொகை, ஜெயித்தால் அதே அளவு இன்னொரு தொகை. பென்ஷன் கிடையாது. ஊதியத்தை அமுக்கி வைத்தார்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில் யு.எஃப்.சி. 37.5 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. 2024 ஜூனில் பூஜா ஜெயித்தபோது, யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியர் என்று எல்லாரும் கொண்டாடினோம். புள்ளி போடும் மூன்று நடுவர்களில் ஒருவரின் கணக்கில் அவர் தோற்றிருந்தார். இன்னொருவரும் அப்படிப் போட்டிருந்தால் பாதிப் பணம் போயிருக்கும். ஆகவே மகள் ஆபீஸ் வேலையை விடுகிறேன் என்றால் சண்டை போடுங்கள். அதில் நான் உங்கள் பக்கம்.

தலையடியைப் பற்றி ஆறுதலாக எதையும் சொல்லப்போவதில்லை. கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்குத் தலை அதிர்ச்சி அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எம்.எம்.ஏ. அதற்கு விலக்காக இருக்க நியாயமில்லை. போட்டி வருஷத்துக்கு இரண்டோ மூன்றோதான். அடியில் பெரும்பங்கு ஜிம்மில், ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டையில், யாரும் பார்க்காதபோது விழுகிறது.

அமெச்சூர் போட்டி என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். உலக அமெச்சூர் கூட்டமைப்பின் விதிப்படி முழங்கை கூடாது, முன்னங்காலுக்குக் காப்பு கட்டாயம், ரவுண்டு மூன்று நிமிடம். மகள் ஆடப்போகும் போட்டி அந்த விதியில் நடக்கிறதா என்று கேளுங்கள். பெயரில் மட்டும் அமெச்சூர் என்று போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். எந்த எடைப் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறாள், இன்றைய எடை என்ன என்று கேளுங்கள். மூன்று கிலோவுக்குமேல் வித்தியாசம் இருந்தால் அடுத்த பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒருநாள் ஜிம்முக்கே போய் ஸ்பாரிங் முழுக்கப் பாருங்கள். தலையில் பலமாக ஒன்று வாங்கிய பெண்ணை கோச் உட்காரவைக்கிறாரா, தண்ணீர் குடித்துவிட்டு வா என்கிறாரா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். இரண்டாவது வகை என்றால் ஜிம்மை மாற்றச் சொல்லுங்கள். அந்தேரியில் ஜிம்முக்கா பஞ்சம்? மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். சொல்லாமல் போய் நின்று அவள் மானத்தை வாங்காதீர்கள், எந்த நாளில் வரலாம் என்று அவளையே கேட்டுக்கொள்ளுங்கள்.