கீமோ காலத்தில் காய்ச்சல்: விடியும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: என் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய்க்காகக் கீமோதெரபி நடந்து வருகிறது. மூன்றாவது சுற்று முடிந்த ஒன்பதாம் நாள் இரவு அவருக்கு 101 டிகிரி காய்ச்சல் வந்தது. பாராசிட்டமால் கொடுத்ததும் தணிந்ததால் விடியட்டும் என்று இருந்துவிட்டோம். காலையில் குளிர் நடுக்கம் கண்டு, பக்கத்திலிருந்த மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசென்றோம். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து அங்கே நெடுநேரம் உட்கார வைத்துவிட்டார்கள். இப்போது தேறிவிட்டார். அடுத்த சுற்றில் இப்படி நேர்ந்தால் எப்போது கிளம்ப வேண்டும், அங்கே என்ன சொல்ல வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் தாயார் தேறி வந்தது பெரும் ஆறுதல். நீங்கள் கேட்பதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்: கீமோ எடுத்துக்கொள்பவருக்கு 100.4 டிகிரி, அதாவது 38 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால், அது இரவானாலும் பகலானாலும் உடனே புறப்பட வேண்டிய அவசர நிலை.

கீமோ மருந்துகள் புற்றுநோய்ச் செல்களோடு, ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையையும் தாக்குவதால், கிருமிகளை முதலில் எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் குறைந்துபோகின்றன. பல மருந்துகளில் இந்தக் குறைவு மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் அடிமட்டத்தைத் தொடுகிறது; உங்கள் தாயாருக்குக் காய்ச்சல் வந்த ஒன்பதாம் நாள் சரியாக அந்த இடைவெளியில்தான் விழுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அந்த அணுக்கள் 500க்கும் கீழே போய்விட்டால், குடலிலும் வாயிலும் வழக்கமாக வாழும் கிருமிகளே ரத்தத்தில் புகுந்து சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தை உண்டாக்கக்கூடும். சீழ் என்பதே பெருமளவு இந்த அணுக்களால் ஆனது. அவை இல்லாதபோது புண்ணில் சீழ் கட்டாது, நிமோனியா இருந்தும் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றே வெளியில் தெரியும் அடையாளமாக இருக்கும் என்பதால்தான், வெப்பமானியில் பார்த்து மருத்துவரிடம் பேசுவதற்கு முன் பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம் என்கிறோம். மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும், கிருமியை அல்ல. வாந்தியைத் தடுக்கக் கீமோவுடன் தரப்படும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளும் காய்ச்சலை மறைக்கக்கூடும். ஆகவே காய்ச்சலே இல்லாமல் நடுக்கம், மூச்சிரைப்பு, தலைசுற்றல், மனக்குழப்பம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது.

கிளம்பும்போதே புற்றுநோய்ப் பிரிவின் அவசர எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். யாரும் எடுக்காவிட்டாலும் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் மிக முக்கியம். "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால், வரிசையில் இருக்கும் பத்துக் காய்ச்சல்காரர்களில் ஒருவராகிவிடுவார். "இவர் கீமோ எடுத்துக்கொள்பவர், கடைசி மருந்து ஏற்றி ஒன்பது நாள் ஆகிறது, இப்போது 101 டிகிரி காய்ச்சல், வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம்" என்று சொல்லுங்கள். மருந்துகளின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, அண்மை ரத்தப் பரிசோதனை முடிவு, ஒவ்வாமை விவரம், போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி) பொருத்தியிருந்தால் அந்தத் தகவல் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி எப்போதும் கைவசம் வைத்திருங்கள். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்த உங்களுக்கு அன்று இல்லாமல் போனது இந்தத் தாள்தான்.

உள்ளே சென்றபின், ரத்தக் கல்ச்சருக்கு (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு) மாதிரி எடுத்துவிட்டு, வந்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக்குழாய் வழியாக ஆண்டிபயாடிக்கின் முதல் டோஸைச் செலுத்துவதே மருத்துவ வழிகாட்டுதல்கள் வலியுறுத்தும் இலக்கு. போர்ட் இருந்தால் அதிலிருந்தும் கையிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுப்பது வழக்கம். அணுக்களின் எண்ணிக்கை வரட்டும் என்று மருந்தை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. ஒரு மணி நேரம் நெருங்கியும் எதுவும் தொடங்கவில்லை என்றால், "முதல் ஆண்டிபயாடிக் எப்போது போடுவீர்கள்?" என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்; அப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, நோயாளிக்காக நீங்கள் செய்ய வேண்டிய கடமை. இருமலும் சளியுமாக இருப்பவர்களிடமிருந்து விலகித் தனி இடமும் முகக்கவசமும் கேட்கலாம். ஆசனவாய் வழியாக வெப்பம் பார்ப்பதும் மருந்து வைப்பதும் கூடாது. மெல்லிய சவ்வு கிழிந்தால் அதுவே கிருமிக்கு வாசல்.

மருத்துவமனைக்கு விரையக் காய்ச்சல் மட்டுமே காரணம் என்றும் எண்ண வேண்டாம். நிற்காத ரத்தக்கசிவு, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, அடிக்கடி போகும் வயிற்றுப்போக்கு, திடீர் நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், முதுகுவலியோடு கால்கள் வலுவிழத்தல் ஆகியவையும் அன்றே பார்க்க வேண்டியவை.

அடுத்த சுற்றுக்கு முன் புற்றுநோய் மருத்துவரிடம் இந்த நிகழ்வை விவரமாகச் சொல்லி, வெள்ளை அணுக்களைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம் வகை ஊசி தேவையா, மருந்தின் அளவையோ இடைவெளியையோ மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். நள்ளிரவில் எந்த எண்ணை அழைப்பது, எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதையும் அன்றே அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.